லென்டிவைரஸ் ஏற்றியதும் சிடி34 செல்கள் சாகின்றன: கேஸ்பேஸ் தடுப்பான் சேர்க்கலாமா?

கேள்வி
உறைநிலையிலிருந்து எடுத்த சிடி34 ஸ்டெம் செல்களை (இரத்தம் உருவாக்கும் மூலச் செல்கள்) 24 மணி நேரம் எஸ்சிஎஃப், டிபிஓ, எஃப்எல்டி3 லிகண்ட் என்ற வளர்ச்சிக் காரணிகள் கொடுத்து வளர்த்த பிறகு, எம்ஓஐ 50-ல் (ஒரு செல்லுக்கு 50 தொற்றும் துகள்) மரபணுவை ஏற்ற விஎஸ்வி-ஜி உறைப் புரதம் உள்ள லென்டிவைரஸ் சேர்க்கிறோம். கூடவே வைரஸ் செல்லில் ஒட்ட உதவும் பாலிபிரீன், மில்லிக்கு 8 மைக்ரோகிராம். 48 மணி நேரத்தில் உயிருள்ள செல்கள் 90 சதவீதத்திலிருந்து 55-க்கு இறங்கிவிடுகின்றன. செல்லைத் தற்கொலை செய்ய வைக்கும் கேஸ்பேஸ் நொதிகளை அடைக்கும் இசட்-வேட் போட்டால் தாங்குமா? எவ்வளவு, எப்போது போடுவது?

பதில் 1
தடுப்பானுக்கு முன்னால் கொல்வது எது என்று பாருங்கள். வெறும் செல், பாலிபிரீன் மட்டும், வைரஸ் மட்டும், இரண்டும் சேர்ந்தது என நான்கு குழிகள் வையுங்கள். ஐந்தாவதில் வைரஸோடு நெவிராபின்; வைரஸின் ஆர்என்ஏ டிஎன்ஏ-வாக மாறுவதை (ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷன்) அது தடுக்கும். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷன் நின்ற பிறகும் அதே அளவு செத்தால், குற்றவாளி வைரஸின் டிஎன்ஏ அல்ல. வெக்டரோடு (மரபணுவைச் சுமக்கும் வைரஸ்) வரும், அதைத் தயாரித்த 293டி செல்களின் கழிவோ உறைப் புரதமோதான். அப்போது வெக்டரை நன்றாகச் சுத்திகரிப்பதே மருந்து. சிடி34 செல்களுக்குப் பாலிபிரீன் ஒத்துக்கொள்ளாது என்பதே என் முதல் சந்தேகம். புரோட்டமின் சல்பேட்டுக்கோ போலோக்சமருக்கோ மாறுங்கள். எம்ஓஐ-யையும் குறைக்க முடியும். 24 மணியிலேயே அனெக்சின் வி (சாகத் தொடங்கிய செல்லில் ஏறும்), 7-ஏஏடி (சவ்வு உடைந்த செல்லில் ஏறும்) சாயமிட்டுப் பாருங்கள். 48 மணியில் எல்லாமே இரட்டைச் சாயம் ஏறி, சாவின் வகை தெரியாமல் போகும்.

பதில் 2
அனெக்சின் மட்டும் ஏறிய செல்கள் நிறைய இருந்தால் இசட்-வேட் முயலலாம். 20 மைக்ரோமோலார், வைரஸுக்கு ஒரு மணி நேரம் முன்பு. மறுநாள் ஊடகம் மாற்றும்போது கழுவிவிடுங்கள். இசட்-வேட்டைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ மொத்தத்தில் 0.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அதே அளவு டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட குழியும் வேண்டும். ஒரு பொறி இருக்கிறது: இசட்-வேட் கேஸ்பேஸ்-8-ஐயும் அடைப்பதால், செல் ஆர்ஐபிகே1, ஆர்ஐபிகே3 என்ற நொதிகள் வழியாக நெக்ரோப்டோசிஸுக்கு (கேஸ்பேஸ் இல்லாமலே வெடித்துச் சாகும் வகை) திரும்பக்கூடும். அனெக்சின் குறைந்தும் செல் எண்ணிக்கை ஏறவில்லை என்றால் அதுதான் அடையாளம். ஆர்ஐபிகே1-ஐ அடைக்கும் நெக்ரோஸ்டாட்டின்-1 சேர்த்துச் சோதியுங்கள்.

கேஸ்பேஸ்களை அடக்கும் எக்ஸ்ஐஏபி மரபணுவை வெக்டரிலேயே வைக்கும் யோசனை வந்தால், அது வேண்டவே வேண்டாம். விலங்கு விழித்திரையில் ஏஏவி என்ற வேறொரு வைரஸ் வெக்டர் மூலம் அது ஒளி உணர் செல்களைக் காத்திருக்கிறது, ஆனால் அவை பிரியாத செல்கள். பிரிந்துகொண்டே இருக்கும் ஸ்டெம் செல்லின் குரோமோசோமில் சாவுத் தடையை நிரந்தரமாக்குவது புற்றுநோய்க்கு வழிவிடும்.

பதில் 3
டிஎன்ஏ சேதத்தைக் கண்டு செல்லை நிறுத்தும் பி53 புரதத்தையும் மறக்காதீர்கள். 24 மணியில், அது தூண்டும் பி21 மரபணுவின் எம்ஆர்என்ஏ ஏறியிருக்கிறதா என்று க்யூபிசிஆரில் (அளவு காட்டும் பிசிஆர்) பாருங்கள். லென்டிவைரஸில் இது மிதமாகவே தூண்டப்படும். மரபணுத் திருத்தத்தில் ஏஏவி6 டோனரும் (புதிய வரிசையைக் கொண்டுவரும் வைரஸ்) டிஎன்ஏ வெட்டும் சேரும்போது கடுமையாகும். அங்கே ஜிஎஸ்இ56 எம்ஆர்என்ஏ கொடுத்துப் பி53-ஐத் தற்காலிகமாக மட்டும் அடக்குகிறார்கள்.

உயிருள்ள சதவீதத்தை வைத்து வெற்றி என்று முடிவுகட்டாதீர்கள். காப்பாற்றிய செல் காலனி கட்டாவிட்டால் பயனில்லை. 14 நாள் காலனிகளை எண்ணி, அவற்றிலேயே விசிஎன் (ஒரு செல்லில் உள்ள வெக்டர் பிரதிகளின் எண்ணிக்கை) அளவிடுங்கள். அதற்கு முன் அளந்தால் ஒருங்கிணையாத வைரஸ் டிஎன்ஏ-யும் கணக்கில் ஏறிவிடும்.