தூசிப்புயல் ஓய்ந்த பிறகு: குவைத் வாழ் தமிழர்களின் அனுபவப் பகிர்வு

செவிலியர், ஃபர்வானியா:

குவைத்தில் சுவாச நோய்ப் பிரிவில் பல ஆண்டுகளாகச் செவிலியராகப் பணிபுரிகிறேன். தூசிப்புயலால் உடல்நலம் பாதிக்கப்பட்டவர்களும் அத்தகையவர்களைப் பார்த்துக்கொண்டவர்களும் தங்கள் அனுபவத்தை இங்கே எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள். புயல் வீசும்போது எல்லோரும் எச்சரிக்கையாகத்தான் இருக்கிறார்கள். வானம் செம்மஞ்சளாக மாறி, எதிர்க் கட்டடம் கண்ணிலிருந்து மறையும்போது சன்னலை அடைக்கும்படி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் எங்கள் பிரிவுக்கு வருகிறவர்களில் பலர் காற்று தணிந்த பிறகு, அன்றிரவும் மறுநாளும் வருகிறார்கள். “புயல்தான் நின்றுவிட்டதே, ஏன் இப்போது மூச்சு திணறுகிறது?” என்பதே அவர்களுடைய முதல் கேள்வியாக இருக்கிறது.

பெரிய மணற்பருக்கைகள் கனமானவை என்பதால் காற்றின் வேகம் குறைந்ததும் தரையில் விழுந்துவிடுகின்றன. 10 மைக்ரானுக்குக் குறைவான தூசி (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அவ்வளவு எளிதில் படிவதில்லை. மணிக்கணக்கில், சில வேளைகளில் நாட்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். அதிலும் 2.5 மைக்ரானுக்குக் குறைவான துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் சிக்காமல் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை சென்றுவிடுகின்றன. இவை கண்ணுக்குத் தெரியாத அளவுடையவை என்பதால், வானம் தெளிந்துவிட்டது என்பதைக் காற்று தெளிந்துவிட்டதற்கான சான்றாகக் கொள்ள முடியாது. ஷமால் என்னும் வடமேற்குக் காற்று ஈராக்கின் வறண்ட சமவெளிகளிலிருந்து கொண்டுவரும் இந்தத் தூசியில் குவார்ட்ஸ் துகள்களோடு மகரந்தமும் பூஞ்சை வித்துகளும் நுண்ணுயிரிகளும் கலந்திருக்கும். பி.எம். 10 எனப்படும், 10 மைக்ரானுக்கு மேற்படாத துகள்களின் அளவு 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 45 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 2021இல் வரையறுத்தது. கடும் புயலின்போது அது ஆயிரங்களைத் தொடுவதுண்டு.

2022 மே மாதத்தை இங்கிருந்த எவரும் மறந்திருக்க முடியாது. அந்த மாதத் தொடக்கத்தில் ஈராக்கில் வீசிய ஒரே புயலில் 5,000க்கும் மேற்பட்டோர் மூச்சுத்திணறலுக்காக மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள், ஒருவர் உயிரிழந்தார். மே 16 அன்று வீசிய அடுத்த புயலில் குவைத் விமான நிலையத்திலும் விமானங்கள் நிறுத்தப்பட்டன.

நான் பார்த்த நோயாளிகளில் ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். அவர் நடுத்தர வயது ஓட்டுநர், சிறு வயது முதலே ஆஸ்துமா உள்ளவர். புயல் அடித்த நாள் முழுவதும் அறையிலேயே இருந்துவிட்டு, மறுநாள் காலையில் வண்டியின் மேலும் உள்ளேயும் படிந்திருந்த தூசியை உலர்ந்த துணியால் தட்டித் துடைத்திருக்கிறார். மதியத்துக்குள் இழுப்பு தொடங்கியது. மாலையில் எங்களிடம் வந்தபோது, “இழுப்புச் சத்தம் நின்றுவிட்டது, கொஞ்சம் பரவாயில்லை, களைப்பு மட்டும்தான்” என்று இரண்டிரண்டு சொற்களாகச் சொன்னார். ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் இரு பக்கமும் மூச்சொலியே மிக மெலிதாகத்தான் கேட்டது. சத்தம் நின்றது குணமானதால் அன்று. சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று உள்ளே போகவில்லை என்பதால். உடனே ஆக்சிஜனும் நெபுலைசரும் கொடுத்து, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினோம், பிழைத்துக்கொண்டார். ஆஸ்துமா உள்ளவர்களின் குடும்பத்தார் இந்த ஓர் அறிகுறியையாவது அறிந்துவைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கட்டுமானப் பாதுகாப்பு மேற்பார்வையாளர், அகமதி:

சகோதரி எழுதியதை எங்கள் சைட்டில் கண்கூடாகப் பார்க்கிறேன். புயலின்போது கிரேன் வேலையும் உயரத்தில் செய்யும் வேலையும் நிறுத்தப்படுகின்றன. ஆனால் அந்த நிறுத்தம் காற்றின் வேகத்துக்காகவும் பார்வை மறைவதற்காகவும் செய்யப்படுவது, நுரையீரலுக்காக அன்று. காற்று தணிந்ததும் முதல் வேலையே துப்புரவு: சாரப் பலகைகள், கம்பிக் கட்டுகள், இயந்திரங்கள் எல்லாவற்றிலும் மாவுபோலப் படிந்திருக்கும் தூசியைத் துடைப்பத்தால் பெருக்குவார்கள், அல்லது கம்ப்ரசர் காற்றால் ஊதுவார்கள். தரையில் அடங்கிய தூசி மீண்டும் முகத்தின் உயரத்துக்கு எழும்புகிறது. நான் முன்பு பணிபுரிந்த ஒரு நிறுவனத்தில் இதற்கு எதிராகப் பலமுறை எழுதிக் கொடுத்தும், தண்ணீர் தெளிக்க நேரமில்லை என்ற பதிலே கிடைத்தது. இப்போதுள்ள சைட்டில் முதலில் தண்ணீர் தெளித்த பிறகே பெருக்க வேண்டும், ஊதக் கூடாது என்பது விதியாக இருக்கிறது. இருமலோடு கிளினிக்குக்குச் செல்லும் ஆட்கள் குறைந்திருப்பதை நானே பார்த்தேன்.

முகக்கவசத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலையில் சுற்றும் துணியையோ துண்டையோ மூக்கில் கட்டிக்கொண்டால் மணல் தடுக்கப்படும், நுண்தூசி தடுக்கப்படாது. அறுவை சிகிச்சை முகக்கவசத்தின் ஓரங்களில் இடைவெளி இருப்பதால் அதுவும் முழுப் பாதுகாப்பு தராது. என்95 கவசம் தேவை, அதுவும் முகத்தோடு ஒட்டிப் பொருந்த வேண்டும். அடர்ந்த தாடி இருந்தால் அந்தப் பொருத்தம் கெட்டுவிடுகிறது. ஒரே கவசத்தை வாரக்கணக்கில் சட்டைப்பையில் வைத்துப் பயன்படுத்தும் வழக்கம், புதியதை வாங்கித் தர நிர்வாகம் தயங்குவதால் உருவானது. தொழிலாளியின் அக்கறையின்மை என்று அதைச் சொல்வது நியாயமன்று. ஓர் அறையில் பலர் தங்கும் கேம்ப்களில் ஏசி வடிகட்டியைக் கழற்றிக் கழுவும் பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போவதும் இதே வகையான குறைதான்.

கண்ணில் தூசி விழுந்தால் கசக்கக் கூடாது. குவார்ட்ஸ் துகள் கருவிழியைக் கீறிவிடும். சுத்தமான தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவுவதே சரியான முறை.

ஒரு தாய், மங்காஃப்:

என் மகனுக்கு ஆஸ்துமா உண்டு. மார்ச் முதல் கோடை முடியும்வரை வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் நான் உறங்கச் செல்வதில்லை. எங்கள் மருத்துவர் வலியுறுத்திய ஒன்று எங்களுக்குப் பெரிதும் உதவியது: தடுப்பு மருந்தான ஸ்டீராய்டு இன்ஹேலரைப் புயல் வந்தபோது தேடி எடுப்பதில் பயனில்லை, பிள்ளை நலமாக இருக்கும் நாட்களிலும் அன்றாடம் தவறாமல் கொடுத்து, ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளிக்க வைக்க வேண்டும். “நன்றாகத்தானே இருக்கிறான், ஏன் தினமும் மருந்து?” என்று ஊரிலிருந்து என் அத்தை தொலைபேசியில் கேட்பதுண்டு. அவன் நன்றாக இருப்பதே அந்த மருந்தால்தான் என்று பொறுமையாக விளக்குவேன்.

வீட்டுக்குள் தூசி வரும் வழிகளில் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. சன்னல்களை அடைத்து, கதவிடுக்கில் ஈரத்துணி வைத்துவிட்டு, சமையலறையில் எக்ஸாஸ்ட் விசிறியை ஓடவிட்டால், அது உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளத் தள்ள, ஒவ்வோர் இடுக்கு வழியாகவும் வெளியிலுள்ள தூசிக்காற்று வீட்டுக்குள் இழுக்கப்படுகிறது. அத்தகைய நாட்களில் வதக்கல், பொரியல் எதுவும் இல்லாமல் சமையலைச் சுருக்கி, அந்த விசிறியை நிறுத்திவைக்கிறேன். மறுநாளும் துடைப்பத்தை எடுக்காமல் ஈரத்துணியால்தான் தரையைத் துடைக்கிறேன்.

அலுவலகப் பணியாளர், சால்மியா:

தஞ்சாவூரிலிருந்து எங்களைப் பார்க்க வந்திருந்த என் தந்தைக்கு ஆஸ்துமா இல்லை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். தூசிப்புயலுக்கு மறுநாள் மாலை, கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டு வந்தபோது அவருக்கு நெஞ்சு இறுகியது. நுண்தூசியைச் சுவாசிப்பது இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் சுமையாகும் என்பதை மருத்துவர் அன்றுதான் எங்களுக்கு விளக்கினார். தந்தைக்கு இப்போது நலம். கோடை விடுமுறையில் பெற்றோரை இங்கே அழைத்துவருவோர் பலர் உள்ளனர். இதய நோயாளிகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும் என்பதைத் தெரிவிக்கவே எழுதினேன்.

செவிலியர், ஃபர்வானியா:

தந்தை நலமாக இருப்பது மகிழ்ச்சி. சால்மியா நண்பர் சொன்னது சரியே. மூச்சிரைப்பு எல்லாமே நுரையீரலிலிருந்து வருவதன்று, முதியவர்களுக்கு நெஞ்சு இறுகினால் இதயத்தையும் பரிசோதிக்க வேண்டும். மங்காஃப் சகோதரிக்கு ஒரு குறிப்பு: திணறலின்போது உடனே பயன்படுத்தும் மீட்பு இன்ஹேலரில் இன்னும் எத்தனை முறை அழுத்துவதற்கு மருந்து மீதமுள்ளது என்பதை அதன் எண்காட்டியில் பாருங்கள். குலுக்கிப் பார்ப்பதையும் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதையும் நம்ப வேண்டாம். மருந்து தீர்ந்த பிறகும் உந்துவாயு மட்டும் வெளிவரும். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாமை, விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்குதல், உதடு நீலம் பாரித்தல், மீட்பு மருந்து கொடுத்தும் திணறல் குறையாமை ஆகிய இவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் 112ஐ அழையுங்கள். நோயாளி தானே வண்டி ஓட்டிக்கொண்டு வரக் கூடாது.