ஜெமினிட் ராத்திரியில் கேமரா கண்மூடிய இருபது நொடி

2023 டிசம்பர் 14. அமாவாசை கழிந்து இரண்டே நாள் என்பதால் நிலாத் தொந்தரவு இல்லை. ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகம் இருக்கும் பக்கம், தெரிந்தவர் ஒருவரின் கொல்லையில் ஜெமினிட் எரிநட்சத்திர மழையைப் படம் பிடிக்க ட்ரைபாடை நட்டுவிட்டு மேகம் விலகக் காத்திருந்தேன். ஒன்பதரைக்குத்தான் வானம் திறந்தது.

எரிநட்சத்திர மழைகளில் நம் ஊருக்கு வாய்த்தது ஜெமினிட்தான் என்பேன். மிதுனத்தின் காஸ்டர் என்ற நட்சத்திரத்தின் பக்கமிருந்து கிளம்புவதுபோல் தெரியும். அந்த இடம் ஏழரை வாக்கில் வடகிழக்கில் எழும்பி, இரண்டு மணிக்கு உச்சியை நெருங்கிவிடும். மற்ற மழைகள் பெரும்பாலும் வால்நட்சத்திரத் தூசி. இது ஃபேத்தன் என்ற சிறுகோள் உதிர்த்தது. வேகம் நொடிக்கு 35 கிலோமீட்டர்தான். "அதோ" என்று கை காட்ட நேரம் கிடைக்கும்.

14 எம்எம் லென்ஸ், அபர்ச்சர் 2.8, ஐஎஸ்ஓ 3200, ஒரு படத்துக்கு 20 நொடி ஷட்டர் திறப்பு. பன்னிரண்டரைக்கு ஓரியன் விண்மீன் கூட்டத்துக்குக் கீழே ஒன்று எரிந்தது பாருங்கள், வெள்ளிக் கிரகமெல்லாம் அதன் முன் ஒன்றுமில்லை. தரையில் என் நிழல் விழுந்தது. கேமராவும் அந்தத் திசையில்தான் இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் படத்தில் இல்லை!

நீண்ட நேரப் படத்தில் வரும் புள்ளிக் கறைகளை நீக்கும் வசதியான லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை நான் அணைக்கவில்லை. அது இருந்தால், 20 நொடி படம் எடுத்ததும் ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு 20 நொடி இருட்டைப் படம் எடுக்கும். அதுவரைக்கும் பாதி நேரம் கேமரா கண்ணை மூடியே இருந்திருக்கிறது. இதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன். கிளம்புமுன் அணைத்துவிடுங்கள். படத்துக்குப் படம் ஒரு நொடி இடைவெளி போதும்.

அணைத்தபின் விடிவதற்குள் பதினொன்று சிக்கின. ஒன்று பச்சையாகத் தொடங்கி, நடுவில் வெள்ளையாகப் பெருத்து முடிகிறது. அந்த நிழல் விழுந்தது மட்டும் என்னிடம் இல்லை.

*

அண்ணே, உங்க ஜெமினிட் பதிவைப் படித்தேன். அதே வருஷம் ஆகஸ்டில் பெர்சீட் எரிநட்சத்திர மழை பார்க்க லடாக்கின் ஹான்லே போயிருந்தேன். இங்கே ஆகஸ்ட் மேகத்தை நம்பிப் பயனில்லை. பெர்சீட் நொடிக்கு 59 கிலோமீட்டர், கண்ணிமைத்தால் போச்சு. ஆனால் பெரியது ஒன்று போனபின் அதன் தடம் புகைக்கோடு மாதிரி நின்றது. தொடர்ந்து எடுத்த ஆறு படங்களில், மேல்காற்று அந்தக் கோட்டை வளைத்து வளைத்துக் கலைப்பது தெரிகிறது. ஏழாவது படத்தில் சுற்றுலா வண்டி ஒன்றின் ஹெட்லைட். இருட்டைக் காப்பதற்கென்றே ஒதுக்கிய இடம் அது. மனசு ஆறவில்லை.

*

நானும் இந்தப் பதிவைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், என்னிடம் கேமரா கிடையாது. அதே டிசம்பர் ராத்திரி, கயத்தாறு பக்கம் எங்க கிராமத்து வீட்டு மொட்டைமாடியில் அம்மாவும் நானும் பாய் விரித்துப் படுத்திருந்தோம். எரிநட்சத்திரம் விழக் கண்டால் உடனே பச்சை மரத்தைப் பார்க்கணும் என்பது அம்மாவுக்கு அவங்க ஆச்சி சொல்லிக்கொடுத்தது. ஒவ்வொன்று விழும்போதும் வேப்பமரத்துப் பக்கம் திரும்பிக்கொள்வாங்க. "அடுத்தது போயிரும், மேலே பாருங்கம்மா" என்றேன், கேட்கவில்லை. ஒரு மணி வாக்கில் பெரியது ஒன்று விழுந்தது. நான் வானத்தைப் பார்த்தேன். வேப்பமரத்து இலையெல்லாம் ஒரு கணம் பச்சையாகத் தெரிந்ததை அம்மாதான் பார்த்தாங்க.