இறக்கி வைத்த பால்வீதி: நாட்காட்டிக்குப் போகலாமா, கூடாதா?

முக்காலி (ஜொகன்னஸ்பர்க்)

நம் சங்க நாட்காட்டியின் ஜூன் பக்கத்துக்கு நான் அனுப்பிய படத்தைப் பற்றித் தேர்வுக் குழுவுக்கு யாரோ புகார் எழுதியிருக்கிறார்களாம். முதுகுக்குப் பின்னால் பேசுவதைவிட இங்கேயே பேசிவிடலாம்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காக: இடம் தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பெர்க் மலைத்தொடர், ராயல் நேட்டால் பூங்கா. எதிரே ஆம்பிதியேட்டர் பாறைச்சுவர். அதன் உச்சியை ஒட்டிப் பால்வீதியின் மையம், நல்ல பளிச்சென்று. ஜூன் அமாவாசை, நள்ளிரவு என்று தலைப்பு கொடுத்திருந்தேன்.

எடுத்த விதம் இதுதான். அந்தி மங்கும் நேரத்தில் 35 மி.மீ. லென்ஸை நெட்டுக்குத்தாக வைத்துப் பாறைச்சுவரைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டினேன். நள்ளிரவில் அதே இடத்தில் கேமராவை ட்ராக்கரில் (வானம் சுழல்வதோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பும் கருவி) ஏற்றி, வானத்தைத் துண்டுக்கு 2 நிமிடம் எடுத்தேன். மையம் அப்போது தலைக்கு மேல் இருந்தது. போட்டோஷாப்பில் அதைப் பாறைக்கு மேல் இறக்கி வைத்தேன். ஒரே இடம், ஒரே இரவு, ஒரே லென்ஸ். கேட்டவர்களிடம் எதையும் மறைக்கவில்லை. இதில் என்ன குற்றம்?

கடலோரம் (டர்பன்)

தம்பி, யாரோ இல்லை, எழுதியது நான்தான். உங்கள் கைத்திறமையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. தலைப்பைப் பற்றித்தான் எழுதினேன்.

ஜூன் அமாவாசை நள்ளிரவில் நம் பக்கம் பால்வீதி மையம் எங்கே நிற்கும்? டிராகன்ஸ்பெர்க் தெற்கே 29 பாகையை ஒட்டி இருக்கிறது. மையமும் வானத்தில் தெற்கு 29 பாகையில்தான். அதாவது நேர் உச்சியில், கழுத்தை முழுசாகப் பின்னால் மடக்கினால்தான் தெரியும். உங்கள் படத்தில் அது பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த நேரத்தில் அந்த இடத்தில் நின்ற யாரும் அதைப் பார்த்திருக்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. இது போகும் இடம் தமிழ் நாட்காட்டி. திதி, நட்சத்திரம், ராகுகாலம் எல்லாவற்றையும் அச்சுக்கு முன் கோயில் ஐயரிடம் காட்டி வரி வரியாகச் சரிபார்க்கிறோம். மேலே படத்தில் மட்டும் மூல நட்சத்திரம் இஷ்டப்பட்ட இடத்தில் நிற்கலாமா?

புதுக்கேமரா (பிரிட்டோரியா)

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். தலைக்கு மேல் இருந்தால் என்ன கஷ்டம்? கேமராவை மேலே திருப்பி எடுத்து, கீழே இருக்கும் பாறையோடு சேர்த்து ஒட்டினால் போதாதா? சாதாரண பனோரமா மாதிரிதானே?

முக்காலி

நல்ல கேள்வி. ஒட்டலாம், ஆனால் படம் பாதாளத்திலிருந்து ஆகாயம் வரை நீண்டுவிடும். அடியில் பாறை ஒரு கீற்று, உச்சியில் மையம், நடுவில் வெறும் வானம். நாட்காட்டிப் பக்கத்தில் அதை எங்கே வைப்பது? 360 பாகைக்கும் சேர்த்து விரித்தாலோ, உச்சியில் இருப்பது ரப்பர் மாதிரி இழுபட்டுப் படத்தின் மேல் விளிம்பு முழுக்கப் பரவும். மையம் மையமாகவே தெரியாது.

கடலோரம் ஐயாவுக்கு ஒன்று சொல்கிறேன். எல்லோரும் ரசிக்கும் பால்வீதி வளைவு இருக்கிறதே, வில் மாதிரி ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, அதை யார் கண்ணால் பார்த்தார்கள்? உருண்டையான வானத்தைத் தட்டைத் தாளில் விரிக்கும்போது அந்தப் பட்டை வளைகிறது. நேரே நின்று பார்த்தால் அது தலைக்கு மேல் ஓடும் நேர்ப் பட்டை. ஆக, வளைவே ஒட்டும் மென்பொருள் செய்த வேலை.

ஒரே நேரம் என்கிறீர்கள், அதுவும் பனோரமாவில் கிடையாது. மூன்று வரிசை, 24 படம், ஒன்றுக்கு 15 நொடி, நடுவில் திருப்பி வைக்கும் நேரம் என்று கூட்டினால் ஏழெட்டு நிமிடம். வானம் 4 நிமிடத்துக்கு 1 பாகை சுழல்கிறது. கடைசித் துண்டு எடுக்கும்போது எல்லாம் 2 பாகை நகர்ந்திருக்கும், அதாவது நான்கு முழு நிலாக்களை வரிசையாக வைத்த அகலம். நீங்கள் எல்லோரும் செய்வதுதான் இது. நான் கொஞ்சம் அதிகமாக நகர்த்தினேன், அவ்வளவுதான்.

சதர்லாந்தில் இருக்கும் சால்ட் தொலைநோக்கியின் கண்ணாடியே 91 அறுகோணத் துண்டுகளை ஒட்டியதுதான். அதையும் போலி என்பீர்களா?

கடலோரம்

அந்த 91 துண்டும் ஒரே திசையைப் பார்க்கின்றன தம்பி.

விரிப்பதும் நகர்த்துவதும் ஒன்று என்கிறீர்கள். இல்லை. என் அளவுகோல் இது: படத்தை மறுபடியும் உருண்டையாக மடித்துப் பாருங்கள். வளைந்த பால்வீதி நிமிர்ந்து, ஒவ்வொரு நட்சத்திரமும் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். ஹுகின், பிடிகுய் என்று எந்த மென்பொருளில் ஒட்டினாலும் அந்தக் கணக்கைத் திருப்பிப் போடலாம். நீங்கள் சொன்ன 2 பாகைப் பிசகு கூட எங்கே, எவ்வளவு என்று தெரிந்த பிசகு. உங்கள் படத்தை மடித்தால் என்ன ஆகும்? மையம் ஏறக்குறைய 60 பாகை கீழே கிடக்கும். கேட்டை பாறைக்குப் பின்னால் மறையப் போகும். இது கொஞ்சம் அதிகமா?

பழையரோல் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

டிஜிட்டல் பிள்ளைகள் சண்டை போடுவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கிறது. இது போட்டோஷாப்போடு வந்த வியாதி என்று நினைக்கிறீர்களா? 1850களிலேயே குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுக்காரர் கடலை ஒரு தகட்டிலும் வானத்தை இன்னொரு தகட்டிலும் எடுத்து ஒரே தாளில் அச்சிட்டார். இன்றைக்கும் அருங்காட்சியகங்களில் அந்தப் படங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். யாரும் புகார் எழுதவில்லை.

இருட்டறையில் நானும் தரையைக் கையால் மறைத்து மறைத்து வானத்தைக் கறுக்க வைத்தவன்தான். படம் என்பது எடுப்பது பாதி, செய்வது பாதி. முக்காலிக்கு என் ஓட்டு.

கடலோரம்

லெ கிரே நல்ல உதாரணம், எனக்குத்தான் உதவும். அந்தக் காலத்துத் தகடு நீலத்தை அள்ளிக் குடிக்கும். கடலுக்குச் சரியாக வைத்தால் வானம் வெளுத்துப் போகும். வேறு வழி இல்லாமல் இரண்டாக எடுத்தார். அது தேவை. ஆனால் அதே மனிதர் ஒரே வானத்தை வெவ்வேறு கடல் படங்களுக்கும் பயன்படுத்தினார். அழகாகத்தான் இருந்தது, ஆனால் அன்றைக்கு அந்தக் கரையில் அந்த மேகம் இருந்ததா என்று படத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. தேவை எங்கே முடிகிறது, ஆசை எங்கே தொடங்குகிறது என்பதுதான் என் கேள்வியும்.

ட்ராக்கர் வைத்தால் படத்தில் தரை இழுபட்டு மங்கும், அதனால் தரையைத் தனியாக எடுப்பது தேவை. அதை நான் எதிர்க்கவே இல்லை. மையத்தை இறக்கியது ஆசை.

யாழ்நிலா (கேப் டவுன்)

இரண்டு பேரும் நியாயம் கதைக்கிறீர்கள், ஆனால் இரண்டு பேருமே ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். கடலோரம் அண்ணாவின் மடிப்புக் கணக்கு இடத்தை மட்டும்தான் பார்க்கும். வெளிச்சத்தை யார் பார்ப்பது? அந்தியில் எடுத்த பாறையில் மேற்கு வெளிச்சம் இருக்கும், நீலம் ஏறியிருக்கும், நிழலுக்கு ஒரு திசை இருக்கும். அமாவாசை நட்சத்திர வெளிச்சத்துக்குத் திசையே கிடையாது. மடித்துப் பார்த்தால் பாறை தன் இடத்தில்தான் நிற்கும், ஆனாலும் படம் பொய்தான். என்னைக் கேட்டால் முக்காலியின் படத்தில் கண்ணை உறுத்துவது அந்த நீலப் பாறைதான், இறங்கின பால்வீதி பிறகு.

இன்னொரு பக்கம், முக்காலி இவ்வளவு பாடுபட வேண்டிய தேவையே இல்லை. நடுராத்திரிக்கு ஏன் போனீர்கள்? அதே ஜூன் அமாவாசையில் விடியப்புறம் 5 மணிக்கு எழும்பிப் பாருங்கள். மையம் மேற்கில், கொஞ்சம் தெற்குச் சாய்ந்து, 25 முதல் 30 பாகை உயரத்தில் தொங்கும். வானம் வெளுக்கத் தொடங்க ஐந்தரை ஆகிவிடும். ஆக நாலரையிலிருந்து ஐந்தேகால் வரை உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் கணினியில் இறக்கியதை வானம் தானாகவே இறக்கித் தருகிறது.

அந்த நேரத்துக்கு மூன்று வரிசையும் வேண்டாம். 35 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃபிரேம் கேமரா, நெட்டுக்குத்தாக வைத்தால் மேலும் கீழுமாக 54 பாகை பிடிக்கும். பாறையும் மையமும் ஒரே வரிசைக்குள் அடங்கும். துண்டுக்குத் துண்டு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று வரட்டும், லென்ஸ் ஓரம் கறுப்பதால் அதற்குக் குறைத்தால் வானத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். நட்சத்திரம் கோடாக இழுபடாமல் இருக்க எவ்வளவு நேரம் திறக்கலாம் என்றால், 500ஐ 35ஆல் வகுத்தால் 14 நொடி, பிக்சல் நெருக்கமான கேமரா என்றால் அதிலும் பாதி. எட்டுத் துண்டு என்றாலும் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும், ஒரு பாகைகூட நகராது. கேமராவில் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷனை (படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலைக் குறைக்கும் வசதி) அணைத்துவிடுங்கள், அது ஒவ்வொரு துண்டுக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கும். பிறகு அதே இருட்டில், அதே திசைகளில், தரைக்கு மட்டும் 2 நிமிடம்.

ஒட்டும்போது வானத்தைத் தனியாக, தரையைத் தனியாக ஒட்டுங்கள். மென்பொருள் நட்சத்திரத்தையும் பாறையையும் ஒன்றாகப் பொருத்தப் பார்த்தால் குழம்பும், ஒன்று நகர்ந்தது, மற்றது நின்றது அல்லவா. முன்னால் கிட்டவாகக் கல்லோ புல்லோ இருந்தால் மட்டும் பனோ ஹெட்டில் (பனோரமாவுக்கென்று கேமரா ஸ்டாண்டில் பொருத்தும் தலை) நோடல் பாயின்ட் (கேமராவைத் திருப்பினாலும் கிட்ட இருப்பதும் தூர இருப்பதும் ஒன்றுக்கொன்று விலகாத சுழல் புள்ளி) பார்த்து வையுங்கள். பாறைச்சுவர் கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருப்பதால் அதற்குச் சாதாரண ஹெட்டே போதும்.

புதுக்கேமரா

அக்கா, இதை அப்படியே சேமித்துக்கொண்டேன். ஒரு சந்தேகம். இவ்வளவு ஒட்டுவதற்குப் பதில் 14 மி.மீ. லென்ஸில் ஒரே க்ளிக்கில் எடுத்தால் சண்டையே வராதே? என்னிடம் எஃப் 2.8 இருக்கிறது.

யாழ்நிலா

சண்டை வராது, வெளிச்சமும் வராது. 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸின் திறப்பு குறுக்கே 19 மி.மீ. இருக்கும். உங்கள் 14 மி.மீ. லென்ஸில் 5 மி.மீ. தான். அதிக நேரம் திறந்து வைக்கலாம் என்றாலும் அந்த வித்தியாசத்தை எட்ட முடியாது. ஒரே க்ளிக் வேண்டுமென்றால் அசைக்காமல் 9 படம் எடுத்து சீக்வேட்டர் மென்பொருளில் ஸ்டாக் செய்யுங்கள் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுப்பது), புள்ளி இரைச்சல் மூன்றில் ஒன்றாகும்.

முக்காலி

அக்கா சொன்ன கணக்கு சரி. ஆனால் கணக்கு நாற்காலியில் உட்கார்ந்து போடுவது. ஜூனில் அங்கே விடியற்காலை பூஜ்யத்துக்குக் கீழே போகும். லென்ஸில் உறைபனி பூக்கும், ஹீட்டர் பட்டை இல்லாமல் பத்து நிமிடம் தாங்காது. அதுவும் குளிர்காலம்தான் புல்வெளியில் தீத்தடுப்புக்காக எரிக்கும் காலம். புகை பள்ளத்தாக்கில் படிந்தால் அடிவானத்தை ஒட்டி 30 பாகை வரை வானம் மங்கிவிடும். உச்சியில் இருக்கும்போதுதான் மையம் சுத்தமாகக் கிடைக்கிறது. நான் நள்ளிரவில் எடுத்ததற்குக் காரணம் சோம்பல் அல்ல, நல்ல டேட்டா.

தென்பக்கம் ட்ராக்கர் வைப்பவர்களுக்கு இன்னொன்று தெரியும். அதன் அச்சை வானத் துருவத்துக்கு நேராகப் பொருத்த வேண்டும். வடக்கே இருப்பவர்களுக்குத் துருவ நட்சத்திரம் விளக்கு மாதிரி நிற்கிறது. நமக்கு சிக்மா ஆக்டான்டிஸ், வெறும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக ஒன்று. அதைத் தேடிப் பொருத்துவதற்குள் பாதி ராத்திரி போய்விடும். அவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்த வானத்தை எங்கே வைப்பது என்பது எடுத்தவனின் உரிமை. ஓவியன் மலையை நகர்த்தினால் யாரும் கேட்பதில்லை. படத்தைத் திரும்பப் பெறமாட்டேன். ஓட்டுக்கு விடுங்கள்.

கடலோரம்

நகர்த்துங்கள், உரிமைதான். அப்படியானால் தலைப்பில் நள்ளிரவு என்று நேரம் போடாதீர்கள். நேரமும் இடமும் போட்டால் அது சாட்சி சொல்வது. ஓவியன் கீழே மணி எழுதுவதில்லை.

பழையரோல்

இது ஒத்துக்கொள்ளக்கூடிய பேச்சு. "டிராகன்ஸ்பெர்க், கூட்டுப்படம்" என்று போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாமே.

முக்காலி

"கூட்டுப்படம்" என்று போட்டால் ஓட்டுப் போடுபவர்கள் என்னமோ ஏமாற்று என்று நினைப்பார்கள். அப்படிப் போடுவதென்றால் பன்னிரண்டு மாதத்துக்கும் போடுங்கள். மார்ச் பக்கத்தில் வரும் டர்பன் கடற்கரைப் பனோரமாவில் ஒரே ஆள் இரண்டு இடத்தில் நடக்கிறார். அதற்கு யாரும் புகார் எழுதவில்லை.

யாழ்நிலா

அதை நானும் பார்த்தேன், சிவப்புக் குடைக்காரர். ஒட்டுவதற்கு நடுவில் நடந்து போயிருக்கிறார், பாவம். பன்னிரண்டுக்கும் ஒரே விதி என்பதில் நான் முக்காலியின் பக்கம். எடுத்த நேரம் வானத்துக்குத் தனியாக, தரைக்குத் தனியாகப் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் அச்சிடச் சொல்லி குழுவுக்கு எழுதுகிறேன். யாராவது எதிர்ப்பென்றால் இப்போதே சொல்லுங்கள்.

கடலோரம்

மார்ச் படம் என்னுடையது. குடைக்காரர் இருக்கட்டும், விதி வந்தால் அதற்கும் எழுதிக்கொள்கிறேன். எனக்கு எதிர்ப்பில்லை.

வரும் ஜூன் அமாவாசைக்கு நான் ஆம்பிதியேட்டர் போகிறேன், விடியற்காலை 5 மணிப் படத்துக்கு. முந்தின நாளே பூங்காவுக்குள் அறை எடுத்துத் தங்குவேன், ராத்திரியில் மலைப்பாதையில் வண்டி ஓட்டுவதாக இல்லை. காரில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. முக்காலி, ட்ராக்கரோடு வருகிறீர்களா? புகை இருந்தால் உங்கள் பேச்சு, இல்லையென்றால் என் பேச்சு.

முக்காலி

வருகிறேன் ஐயா. ஹீட்டர் பட்டை இரண்டு கொண்டுவருகிறேன், உங்களிடம் இருக்காது என்று தெரியும். நள்ளிரவிலும் நான் எடுப்பேன், தடுக்கக்கூடாது.

புதுக்கேமரா

இன்னொரு இடம் எனக்கு! குளிரில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகும் என்கிறார்களே, எத்தனை கொண்டுவரணும்?

பழையரோல்

எத்தனை இருந்தாலும் சட்டைப்பையில், உடம்புச் சூட்டில் வை தம்பி. பையில் வைத்தால் எத்தனையும் போதாது.