புதுப்பிப்பு: ஐஸ் கட்டிகளில் கறுப்புத் துகள், காரணம் கிடைத்தது

எங்கள் ஜூஸ் கடை இயந்திரத்தின் ஐஸ் கட்டிகளில் கறுப்புத் துகள்களும் பூஞ்சை வாடையும் வருவதாக முன்பு எழுதியிருந்தேன். வடிகட்டியை மாற்றும்படி பலர் சொன்னீர்கள். மாற்றியும் நிற்கவில்லை.

துகள்களை வெள்ளைத் தாளில் தேய்த்தபோதுதான் வழி தெரிந்தது. சில மைபோல் இழுகின. சில நசுங்காமல் வளைந்தன. வளைந்தவை தண்ணீர்க் குழாயின் உட்புறத்திலிருந்து உரிந்த ரப்பர். குழாயை மாற்றியதும் அவை நின்றன.

இழுகியது பூஞ்சை. தண்ணீரைத் தெளிக்கும் குழாய்க்குள்ளும் ஐஸ் உறையும் தட்டின் முன் தொங்கும் திரைக்குப் பின்னாலும் வழுவழுப்பான படலமாகப் படர்ந்திருந்தது. கார்பன் வடிகட்டி குளோரினை நீக்கிவிடுகிறது; அதைத் தாண்டிய பகுதியில் கிருமிகளைத் தடுக்க எதுவுமில்லை. உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நம்பி ஐஸ் விற்பவர்கள் தயவுசெய்து அந்த நம்பிக்கையை விட்டுவிடுங்கள். குழந்தைகளும் குடிக்கிறார்கள்.

இயந்திரத்தை இப்படிச் சுத்தம் செய்தோம்: முதலில் தண்ணீரின் உப்புப்படிவை அகற்றும் அமிலக் கரைசல். படிவுக்கு அடியில் கிருமிநாசினி எட்டாது. ஐஸ் உறையும் தட்டுகள் நிக்கல் பூச்சுள்ளவையானால் அதற்கேற்ற கரைசல்தான் வேண்டும். நன்றாக அலசிய பிறகே குளோரின் கிருமிநாசினி. இரண்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும், கவனம். தொட்டியிலிருந்த ஐஸையும் அடுத்து விழுந்த ஐஸையும் கொட்டிவிட்டோம். சாக்கடைக்குள் செருகியிருந்த வடிகுழாயை இடைவெளி விட்டு உயர்த்தினோம்.

இப்போது வாடை இல்லை. பக்கத்தில் பேக்கரி இருக்கிறது. காற்றில் வரும் ஈஸ்ட் அந்த வழுவழுப்பான படலத்தை வேகமாக வளர்க்கும் என்பதால், இயந்திரத்தை எதிர்ச் சுவருக்கு மாற்றப்போகிறோம்.