ஆஸ்கர் விழா இழுத்துக்கொண்டே போவதற்கு நன்றியுரைதான் காரணமா?

பால்கனி டிக்கெட்:
ஆஸ்கர் நேரலையைத் தவறாமல் பார்ப்பவர்களிடம் ஒரு கேள்வி. 2023-ல் முதுமலை யானைகளைப் பற்றிய 'தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்' ஆவணக் குறும்படப் பிரிவில் வென்றது. இயக்குநர் கார்த்திகி கோன்சால்வ்ஸ் பேசி முடித்தார். தயாரிப்பாளர் குனீத் மோங்கா பேச வந்ததும் இசையை எழுப்பி அனுப்பிவிட்டார்கள். 2025-ல் சிறந்த நடிகர் ஏட்ரியன் பிராடி ஐந்து நிமிடத்துக்கும் மேல் பேசினார், நடுவில் இசை வந்தபோது நிறுத்தச் சொன்னார், நிறுத்தினார்கள். விதி ஆளுக்கு ஒன்றா? விழாவைச் சுருக்க வேண்டும் என்றால் கத்தரிக்க வேண்டிய இடம் எது? கூடவே, இந்தியாவிலிருந்து ஒன்றும் விடாமல் பார்க்க என்ன செய்வது?

கடைசி ரீல்:
விதி ஒன்றுதான்: 45 விநாடி. விழாவுக்குச் சில வாரம் முன்பு பரிந்துரை பெற்றவர்களுக்கு மதிய விருந்து நடக்கும். அங்கேயே இதைச் சொல்லி அனுப்புகிறார்கள். அந்த 45 விநாடி விருதுக்கு உரியது, தலைக்கு அல்ல. மேடைக்கு இரண்டு பேர் வந்தால் இருவரும் அதைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். முதலில் பேசுபவர் முழுவதையும் எடுத்துக்கொண்டால் அடுத்தவருக்கு மைக் கிடைக்காது. 2023-ல் நடந்தது அதுதான். இசைக்குழு தானாக வாசிப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கட்டுப்பாட்டு அறையிலிருந்து உத்தரவு வந்தால்தான் வாசிப்பார்கள். 2013-ல் அந்த இசைக்குழு அரங்கத்திலேயே இல்லை, கேப்பிடல் ரெக்கார்ட்ஸ் ஸ்டூடியோவில் உட்கார்ந்து வாசித்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 2026-ல் நடிகர் தேர்வுக்கான விருதும் சேர்ந்து மொத்தம் 24 பிரிவுகள். எல்லாரும் 45 விநாடியில் முடித்தால் 18 நிமிடம். தாராளமாக விருதுக்கு 90 விநாடி கொடுத்தாலும் 36 நிமிடம்தான். நிகழ்ச்சியோ சுமார் மூன்றரை மணி நேரம் ஓடுகிறது. மீதி எங்கே போகிறது? விளம்பரம், தொகுப்பாளரின் தொடக்கப் பேச்சு, விருது கொடுக்க வருபவர்களின் ஒத்திகை பார்த்த நகைச்சுவை, அஞ்சலி, பாட்டு, வெற்றியாளர் பின்வரிசையிலிருந்து நடந்து வரும் நேரம். பிராடி பேசிய 5 நிமிடம் 40 விநாடியில் குறும்படக்காரர்கள் ஏழு பேர் நன்றி சொல்லி இறங்கியிருக்கலாம். நட்சத்திரத்தை வெட்டினால் அது மறுநாள் செய்தியாகும், குறும்படக்காரரை வெட்டினால் கேட்க ஆளில்லை. அநியாயம் அங்கேதான் இருக்கிறது.

மூவியோலா:
மேலே சொன்ன கணக்குக்கு ஆதாரமே இருக்கிறது, அடுத்தடுத்த இரண்டு விழாக்கள்.

2021-ல் இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்க் தயாரிப்பில் லாஸ் ஏஞ்சலிஸ் யூனியன் ஸ்டேஷனில் நடத்தினார்கள். இசையை எழுப்பி யாரையும் துரத்தவில்லை. பரிந்துரைப் பாடல்களை விழாவுக்கு முந்தைய நிகழ்ச்சிக்கு மாற்றிவிட்டார்கள். வென்றவர்கள் மனம்போல் பேசினார்கள். சுமார் மூன்றே கால் மணி நேரத்தில் முடிந்தது.

2022-ல் நேர்மாறாகச் செய்தார்கள். எடிட்டிங், ஒலி, பின்னணி இசை, கலை இயக்கம், ஒப்பனை, மூன்று குறும்படப் பிரிவுகள் என எட்டு விருதுகளை நேரலைக்கு முன்பே அரங்கில் கொடுத்துவிட்டு, பதிவை வெட்டிச் சுருக்கி நிகழ்ச்சிக்கு நடுவே செருகினார்கள். அப்படியும் சுமார் மூன்று மணி நாற்பது நிமிடம் ஓடியது. எட்டுப் பேரின் மேடையைப் பறித்தும் நேரம் மிஞ்சவில்லை. 2023-ல் எல்லாப் பிரிவுகளையும் நேரலைக்கே கொண்டுவந்தார்கள்.

2025-ல் பரிந்துரைப் பாடல்களையே மேடையில் பாட விடவில்லை. மிச்சமான நேரத்தை ஜேம்ஸ் பாண்ட் படங்களுக்கான ஆட்டபாட்டத்துக்குக் கொடுத்தார்கள். பாண்ட் படம் எதுவும் அந்த ஆண்டு போட்டியில் இல்லை! 2023-ல் 'நாட்டு நாட்டு' அந்த மேடையில் ஆடப்பட்டதால்தான் படம் பார்க்காதவர்களும் அந்தப் பாட்டு ஏன் ஜெயித்தது என்று புரிந்துகொண்டார்கள். பாட்டுக்கு விருது உண்டு, பாட மேடை இல்லை என்பது எனக்கு ஒப்பவில்லை.

இன்னொன்றையும் மறக்க முடியாது. 2013-ல் 'லைஃப் ஆஃப் பை' படத்தின் விஷுவல் எஃபெக்ட்ஸ் குழு வென்றது. வேலையின் பெரும்பகுதியைச் செய்த ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனம் அதே மாதம்தான் திவாலுக்கு மனு செய்திருந்தது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்த நேரத்தில் 'ஜாஸ்' படத்துச் சுறா இசையைப் போட்டு மைக்கையும் அணைத்தார்கள். அன்றைய நிகழ்ச்சியில் கேட்டே ஆக வேண்டிய வார்த்தைகள் அவைதான்.

செகண்ட் ஷோ:
மூவியோலா, 2021-ஐ முன்மாதிரி ஆக்காதீர்கள். பரிந்துரை பெற்ற படங்களின் காட்சித் துணுக்குகளைப் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். ஒளிப்பதிவுக்கு விருது கொடுக்கும்போது ஒளிப்பதிவைக் காட்டாமல் இருப்பது என்ன விழா? அமெரிக்காவில் பார்த்தவர்கள் சுமார் ஒரு கோடிப் பேர், 1998-ல் அது ஐந்தரைக் கோடி. தியேட்டர்கள் மூடிக் கிடந்ததும் காரணம்தான், ஆனால் முழுக் காரணம் அல்ல.

முடிவும் சொதப்பல். சிறந்த படத்துக்கான விருதை முன்னால் தள்ளி, சிறந்த நடிகரைக் கடைசியில் வைத்தார்கள். மறைந்த சாட்விக் போஸ்மேன் வெல்வார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். வென்றவர் ஆன்டனி ஹாப்கின்ஸ், விழாவுக்கே வரவில்லை. சட்டென்று நிகழ்ச்சி முடிந்துபோனது. முடிவு முன்கூட்டியே தெரிவது ஓட்டு எண்ணும் பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ் நிறுவனத்தின் ஒரு சிலருக்கு மட்டும்தான். தயாரிப்பாளருக்குக்கூடத் தெரியாது. தெரியாத முடிவை நம்பி உச்சக்காட்சி அமைக்கக் கூடாது.

பால்கனி டிக்கெட்:
சரி, நன்றிப் பட்டியலை மட்டும் குறைக்க வழியே இல்லையா? ஏஜென்ட், வக்கீல், மேனேஜர் பெயரெல்லாம் நமக்கு எதற்கு?

கடைசி ரீல்:
2016-ல் முயன்றார்கள். பெயர்களை முன்கூட்டியே எழுதி வாங்கித் திரையின் அடியில் ஓடவிட்டார்கள். பலன் இல்லை. பெயர் கீழே ஓடினாலும் மேடையில் வாயால் சொன்னால்தான் மரியாதை என்று பலர் திரும்பவும் வாசித்தார்கள். எனக்குக் கேட்டால், ஒரு நிமிடம் என்று வைத்து நட்சத்திரம் முதல் குறும்படம் வரை ஒரே கண்டிப்போடு நடத்தட்டும், விருது கொடுக்க வருபவர்களின் ஜோக்கை எடுத்துவிடட்டும். 2009 விழா என்றதும் தமிழர்களுக்கு நினைவுக்கு வருவது ரஹ்மான் சொன்ன 'எல்லாப் புகழும் இறைவனுக்கே'. எழுதிக் கொடுத்த ஜோக் எதுவும் அப்படி நிற்பதில்லை.

விடிகாலைக் காட்சி:
பார்க்கும் வழி கேட்டிருந்தீர்கள். 2024 முதல் விழா அமெரிக்கக் கிழக்குக் கடற்கரை நேரப்படி ஞாயிறு மாலை 7 மணிக்குத் தொடங்குகிறது. மார்ச் இரண்டாவது ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். விழா அதற்கு முந்தைய ஞாயிறு என்றால் நமக்குத் திங்கள் காலை 5.30, அன்றோ அதற்குப் பிறகோ என்றால் 4.30. 2024-ல் மார்ச் 10, கடிகாரம் மாறிய அதே நாள், அதனால் 4.30. 2025-ல் மார்ச் 2, அதனால் 5.30. போன வருட நேரத்தை நம்பி அலாரம் வைத்தால் முதல் ஒரு மணி நேரம் போய்விடலாம்.

செட்டாப் பாக்ஸில் பதிவு செய்தால் அட்டவணை சொல்லும் முடிவு நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டி வையுங்கள். விழா அடிக்கடி நேரம் தாண்டும், பெரிய விருதுகளில் பல கடைசி அரை மணியில்தான் வரும். 2025-ல் அமெரிக்காவில் ஹுலு என்ற ஸ்ட்ரீமிங் தளத்தின் நேரலை சிறந்த நடிகை, சிறந்த படம் இரண்டும் அறிவிக்கும் முன்பே நின்றுபோனது. அங்கே விழாவை ஒளிபரப்புவது 2028 வரைதான் ஏபிசி தொலைக்காட்சி, 2029 முதல் யூடியூப் என்று ஆஸ்கர் வழங்கும் அகாடமி அறிவித்துவிட்டது.