தஜிமா டி எல்லா இடத்திலும் பாசிட்டிவாக வருகிறது, உதவி தேவை

கத்துக்குட்டி:
வணக்கம். நாளை கைடிடம் காட்ட வேண்டும், அவசரம். ஜீனோமை 10 கிலோபேஸ் (பத்தாயிரம் எழுத்து) விண்டோக்களாகப் பிரித்து, அரிய மாறுபாடுகள் மிகுந்தால் மைனஸாகவும் நடுத்தர அளவில் இருப்பவை மிகுந்தால் பாசிட்டிவாகவும் வரும் தஜிமா டி-யைக் கணக்கிட்டேன். எல்லாக் குரோமோசோமிலும் பாசிட்டிவாகவே வருகிறது, நிறைய இடங்களில் 2-ஐத் தாண்டுகிறது. அப்படியென்றால் ஜீனோம் முழுக்கவே சமநிலைத் தேர்வா (பல வடிவங்களையும் தக்கவைக்கும் தேர்வு)? ஒரு ஸ்வீப்பாவது (பயனுள்ள மாற்றம் ஒன்று தேர்வால் வேகமாகப் பரவிய தடம்) தெரிந்தே ஆக வேண்டிய தரவு இது. என்ன கோளாறு?

குரோமோ:
எந்த உயிரி? எத்தனை மாதிரி? சிப் தரவா, முழு ஜீனோமா? இது எதையும் சொல்லாமல் கோளாறு என்ன என்றால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

வலசை:
எண்ணிக்கை திடீரென்று சரிந்த இனமாக இருக்கும். அப்படிச் சரியும்போது அரிய அல்லீல்கள்தான் (ஓரிடத்தின் மாற்று வடிவங்கள்) முதலில் தொலையும், மிஞ்சுவதெல்லாம் நடுத்தர அளவில் இருப்பவை, டி தானாக மேலே போகும். நான் பார்த்ததில் பாதிக்குப் பாதி இதுதான் காரணம்.

ஈரெழுத்து:
சரிவெல்லாம் இல்லை, கலப்பு. இரண்டு தனித்தனிக் கூட்டங்களை ஒரே கோப்பில் சேர்த்தாலும் இதேதான் வரும். மாதிரிகள் தனிக் கூட்டங்களாகப் பிரிகின்றனவா என்று காட்டும் பி.சி.ஏ.வை முதலில் போட்டுப் பாருங்கள்.

பழம்பெருசு:
தம்பி, 1989-இல் தஜிமா இந்தச் சோதனையைக் கொடுத்தபோதே அதன் அனுமானம் நடுநிலைப் பரிணாமமும் மாறாத எண்ணிக்கையும்தான். கட்டளையை ஓட்டி வந்த எண்ணைப் பார்த்து ஜீனோம் முழுக்கத் தேர்வா என்று கேட்கும் முன் அதையாவது படித்திருக்கலாம். எண்ணிக்கை மாற்றம் ஜீனோம் முழுவதையும் அசைக்கும், தேர்வு குறிப்பிட்ட இடங்களை அசைக்கும். இது பாலபாடம். முறையாக மக்கள்தொகை மாதிரி ஒன்று கட்டி, கோலசென்ட் சிமுலேஷன் (மாதிரிகளின் வம்சாவளியைப் பின்னோக்கிக் கணினியில் உருவாக்குவது) ஓட்டி, அதோடு ஒப்பிட்டுவிட்டு வாருங்கள்.

கத்துக்குட்டி:
மன்னிக்கவும் சார். கொசு, அனாபிலிஸ் காம்பியே. 50 பெண் கொசு, முழு ஜீனோம். இரண்டாம் குரோமோசோமின் 2எல் கரத்தில் சோடியம் சேனல் மரபணுவில் கே.டி.ஆர். மாற்றம் இருக்கிறது, பூச்சிமருந்து எதிர்ப்பு. அதைச் சுற்றி ஸ்வீப் தெரியுமா என்று பார்க்கத்தான் இத்தனையும்.

ஈரெழுத்து:
பாருங்கள், நான் சொன்னேன். காம்பியேவோடு அதன் நெருங்கிய இனமான கொலூசி கலந்திருக்கும். 2013-இல்தான் அதைத் தனி இனமாகப் பிரித்தார்கள், முன்பு பிடித்த மாதிரியென்றால் லேபிளை நம்ப முடியாது.

குரோமோ:
இருங்கள். தம்பி, கோப்பை எப்படி வடிகட்டினீர்கள்?

கத்துக்குட்டி:
எல்லோரும் செய்வதுதான். தரம் 30-க்கு மேல், விடுபட்டவை 10 சதவீதத்துக்குள், எம்.ஏ.எஃப். 0.05, அதாவது அரிதான அல்லீல் 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்த இடத்தை நீக்குவது.

குரோமோ:
அந்தக் கடைசி வடிகட்டிதான்! டி என்பது இரண்டு கணக்கின் வித்தியாசம். ஒன்று பை, அதாவது இரண்டிரண்டு வரிசைகளாக எடுத்து ஒப்பிட்டால் சராசரியாக எத்தனை இடத்தில் மாறுகின்றன. இன்னொன்று மாறுபடும் இடங்களின் எண்ணிக்கையிலிருந்து வரும் வாட்டர்சன் தீட்டா. உங்களிடம் 100 குரோமோசோம் இருக்கிறது. ஒரே ஒரு குரோமோசோமில் மட்டும் இருக்கும் மாறுபாடு பையில் 0.02 சேர்க்கும், தீட்டாவில் சுமார் 0.19 சேர்க்கும். பாதிக்குப் பாதி இருக்கும் மாறுபாடோ பையில் 0.5 சேர்க்கும், தீட்டாவில் அதே 0.19தான். 5 சதவீதத்துக்குக் கீழே இருப்பதையெல்லாம் தூக்கி எறிந்தால் தீட்டா விழுந்துவிடும், பை பெரிதாக அசையாது. வித்தியாசம் பாசிட்டிவ் ஆகாமல் வேறென்ன ஆகும்? பி.சி.ஏ.வுக்கு அந்த வடிகட்டி சரி, இதற்குக் கூடவே கூடாது. ஸ்வீப் முடிந்தபின் புதிதாக முளைக்கும் அரிய மாறுபாடுகள்தான் டி-யை மைனஸுக்கு இழுப்பவை, அவற்றையே நீக்கிவிட்டு ஸ்வீப் தேடினால் எங்கே கிடைக்கும்.

சும்மாவந்தவன்:
டி-யை விட்டுவிட்டு, ஹாப்லோடைப் (ஒரே குரோமோசோமில் சேர்ந்து வரும் மாறுபாடுகளின் வரிசை) எவ்வளவு திரும்பத் திரும்ப வருகிறது என்று அளக்கும் ஹெச்12 பாருங்கள். கே.டி.ஆர். பல முறை தனித்தனியாகத் தோன்றிப் பரவிய மாற்றம், ஒரே ஹாப்லோடைப் பெருகியதாக நினைத்துத் தேடினால் கோட்டை விடுவீர்கள். ஹெச்12 அடிக்கடி வரும் முதல் இரண்டு ஹாப்லோடைப்பையும் சேர்த்துக் கணக்கிடும். ஃபேசிங் செய்த தரவு, அதாவது எந்த மாறுபாடு இரண்டு குரோமோசோம்களில் எதில் இருக்கிறது என்று பிரித்த தரவு வேண்டும்.

பழம்பெருசு:
எந்தப் புள்ளியியலானாலும் வெளியே துருத்தும் 1 சதவீதத்தை எடுத்துத் தேர்வு என்பது ஏமாற்று வேலை. தேர்வே நடக்காத ஜீனோமிலும் உச்ச 1 சதவீதம் இருக்கும். சிமுலேஷன் இல்லாமல் பேசாதீர்கள்.

சும்மாவந்தவன்:
சரி, எந்த மக்கள்தொகை மாதிரியை வைத்து சிமுலேஷன்? அதே தரவிலிருந்து ஊகித்ததா? பின்புலத் தேர்வு அந்தத் தரவை ஏற்கெனவே வளைத்துவிட்டிருக்கும், தீங்கான மாற்றங்கள் நீங்கும்போது பக்கத்தில் இருப்பவையும் சேர்ந்தே போகுமே. வளைந்ததை அளவுகோலாக வைத்து எதை அளப்பீர்கள்?

பழம்பெருசு:
அதற்குத்தான் மரபணுக்களுக்கு வெகு தொலைவில் இருக்கும் பகுதிகளை மட்டும் எடுத்து மாதிரி கட்டுவார்கள். இதையும் நானே சொல்ல வேண்டும்.

வலசை:
கொசு ஜீனோமில் அப்படி ஒரு இடத்தைக் காட்டுங்கள் பார்க்கலாம். நம்மாள் எங்கே போனார்?

கத்துக்குட்டி:
0.05-ஐ எடுத்துவிட்டு ஓட்டினேன். சராசரி -1.5 பக்கம் வந்துவிட்டது. நன்றி குரோமோ. 2எல்-இல் மட்டும் 20 முதல் 42 மெகாபேஸ் வரை மற்ற இடங்களைவிட மேடாக நிற்கிறது, அது சமநிலைத் தேர்வுதானே? கைடு கூப்பிடுகிறார், அப்புறம் வருகிறேன்.

குரோமோ:
அது 2எல்ஏ தலைகீழ்ப் பகுதி, சில கொசுக்களில் குரோமோசோமின் அந்தத் துண்டு திரும்பி இருக்கும். நேர், தலைகீழ் இரண்டும் கலந்த மாதிரிகளில் அந்த நீளம் மட்டும் இரண்டு கூட்டத்தைச் சேர்த்ததுபோல் நடந்துகொள்ளும். ஒவ்வொரு கொசுவுக்கும் எந்த வடிவம் என்று பிரித்துவிட்டு டி-யை மறுபடி ஓட்டுங்கள்.

ஈரெழுத்து:
ஆக, கலப்புதான்.

பழம்பெருசு:
கலப்பு இல்லை. அந்தத் தலைகீழ் வடிவம் வறண்ட இடங்களில் அதிகம் இருப்பது பல காலமாகத் தெரிந்த விஷயம், இரண்டு வடிவமும் நீடிப்பதில் தேர்வுக்கும் பங்கு உண்டு.

சும்மாவந்தவன்:
டி-யை வைத்து யாரும் தேர்வு என்று சொல்லக் கூடாது என்றீர்களே சார்?

பழம்பெருசு:
நான் டி-யை வைத்துச் சொல்லவில்லை.

குரோமோ:
கத்துக்குட்டி, வடிவம் பிரித்தபின் மேடு போனதா இல்லையா என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.