புதுப்பிப்பு: 46 வயதில் ஓவிய வகுப்பு, மூன்று மாதம் கழித்து

"இந்த வயதில் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படம் வரையக் கற்றால் சிரிப்பார்களா?" என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். தைரியமாகப் போங்க என்றீர்கள். போனேன். பாளையங்கோட்டையில் ஞாயிறு காலை வகுப்பு. யாரும் சிரிக்கவில்லை. பக்கத்துப் பையன் மட்டும், "மாமா, தண்ணி ரொம்ப ஊத்துறீங்க" என்றான். உண்மைதான்.

முதல் மாதம் முழுக்கப் பென்சில் நிழல், சலித்துவிட்டது. அப்புறம் வாட்டர்கலர். சாதா டிராயிங் நோட்டில் தீட்டியதெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்தது. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடித்த தாள் வாங்கிய பிறகுதான் என் கை அவ்வளவு மோசமில்லை என்று தெரிந்தது. விலை கடிக்கிறது, பின்பக்கத்தையும் விடுவதில்லை.

இன்னும் வராதது வெள்ளை. வாட்டர்கலரில் வெள்ளை வேண்டிய இடத்தில் தாளை அப்படியே விட்டுவிட வேண்டுமாம். கை சும்மா இருந்தால்தானே! போன வாரம், 1843-இல் திறந்த சுலோசன முதலியார் பாலத்தை வரைந்தேன். 11 வளைவுகளில் 9தான் தாளுக்குள் அடங்கின. தாமிரபரணியில் மின்னிய வெயிலையும் நீலம் பூசி மூடிவிட்டேன்.

அடுத்து, தாமிரபரணிக்குள்ளேயே நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோயில். ஆற்றில் வெள்ளம் வராத ஞாயிறாகப் பார்க்க வேண்டும்.